ஏழாவது காட்சியின் வெளிச்சம்

என் மனைவி மேடையில் என்னைப் போல நடிப்பாள். மாதத்துக்கு இரண்டு முறை, சில மாதம் மூன்று முறை. நான் அரங்கின் பின்பக்கம், ஏணியில் ஏறிப் போகிற ஒரு மரக்கூண்டில் உட்கார்ந்து அவளுக்கு லைட்டு போடுவேன். உலகத்தில் வேறு எந்தப் புருஷனுக்கும் இப்படி ஒரு வேலை அமைந்திருக்காது. அமைந்தாலும் ஒரு வாரம் தாங்க மாட்டான்.

நாடகம் நாற்பத்தெட்டு நிமிடம். ஆள் ஒருத்திதான். ஒரு ஸ்டூல், தட்டு நிறையச் சோதனைக் குழாய்கள், ஒரு பழைய இஸ்திரிப் பெட்டி. கதை அவளுடையதே. பதினைந்து வருடத்துக்கு முன்னால், எங்கள் மகளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, அவள் இரண்டாவது முறை உண்டானாள். வேண்டாம் என்று முடிவு செய்து கலைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் கதை. இதில் நாற்பத்தெட்டு நிமிடத்துக்கு என்ன இருக்கிறது என்று நானும் கேட்டேன். இருந்தது.

அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். ஊராருடைய ரகசியமெல்லாம் அவள் மேஜைக்குச் சின்னச் சின்னக் குழாய்களில் வந்து சேரும். முதல் காட்சியில் மற்றவர்களின் குழாய்களுக்கு நடுவே தன்னுடையதையும் பெயர் ஒட்டாமல் வைத்து, தானே சோதித்து, தானே முடிவைப் படிப்பாள். அதற்கு மேலேயிருந்து ஒரே ஒரு வெள்ளை விளக்கு, எண்பது சதவீதம்.

நாற்பது தாண்டிய பிறகு திடீரென்று ஞாயிற்றுக்கிழமைகளில் நாடகப் பயிற்சி என்று போக ஆரம்பித்தாள். மனசுக்கு மாற்றமாக இருக்கட்டும் என்று நானும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே சொல்லிக் கொடுக்கிற அம்மாள், யாரிடமும் இதுவரை சொல்லாத ஒன்றை எழுதிக்கொண்டு வாருங்கள் என்றாராம். மற்றவர்கள் எல்லாரும் மாமியாரைப் பற்றி எழுதிக்கொண்டு போனார்கள். இவள் இதை எழுதிக்கொண்டு போனாள்.

எனக்குத் தொழில் லைட்டு. இருபத்தாறு வருடமாகப் பள்ளி ஆண்டு விழா, கட்சிக் கூட்டம், நடனம், நாடகம் என்று எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறேன். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, ‘லைட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். என் வேலையில் குறை சொல்ல ஆள் கிடையாது. லைட்டுக் குறிப்புத் தாளில் எழுபது என்று எழுதினால் எழுபதுதான், அறுபத்தொன்பதரை கிடையாது. அதனால் அவள் நாடகம் போடப் போகிறேன் என்றதும், வேறு எவனாவது வந்து வெளிச்சத்தைக் கண்டபடி கொட்டுவதற்குப் பதில் நானே போட்டுவிடுகிறேன் என்றேன். எழுதியதைப் படித்துப் பார்க்காமல் வாயை விட்டதுதான் நான் செய்த முதல் தவறு.

நாடகத்தில் ஐந்து பேர் வருவார்கள். ஐந்து பேரும் அவள்தான். டாக்டர் என்றால் ஸ்டூலில் உட்காருவாள். நர்ஸ் என்றால் ஸ்டூலுக்குப் பின்னால் போய் நிற்பாள். கூடத்தின் சூப்பர்வைசர் என்றால் இடுப்பில் கை வைத்துக்கொள்வாள். நான் என்றால் தரை. சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்து, கழற்றிப் போட்ட இஸ்திரிப் பெட்டியை மடியில் வைத்துக்கொள்வாள். கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர், சிவப்புக் கைப்பிடி போட்டது. என் டூல் பாக்ஸிலிருந்து எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு ஷோ முடிந்ததும் பத்திரமாகத் திருப்பி வைத்துவிடுவாள்.

ஒன்பதாவது காட்சியில் எனக்கு நல்ல பேர். ஆஸ்பத்திரியில் அவள் உள்ளே இருந்த நேரம், வராந்தாவில் ஒரு டியூப் லைட்டு மினுக் மினுக்கென்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஸ்டார்ட்டரைத் திருகி, அதைச் சரி பண்ணிவிட்டேன். நர்ஸ் வந்து நன்றி சொன்னார். மேடையில் அவள் நர்ஸாகவும் நானாகவும் மாறி மாறி இதைச் செய்யும்போது அரங்கமே சிரிக்கும். அந்த மினுக்கலை நான்தான் லைட்டுப் பலகையில் விரலால் தட்டித் தட்டிப் போடுவேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

எனக்கு ஆகாதது ஏழாவது காட்சி. அவள் வந்து என்னிடம் விஷயத்தைச் சொல்கிற காட்சி. எழுத்துப் பிரதியில் இப்படி இருந்தது: ‘கணவர், இஸ்திரிப் பெட்டியைக் கழற்றியபடி: உன் இஷ்டம்.’

படித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பிரதியோடு போய் நின்றேன்.

“உன் இஷ்டம்னு சொன்னது நிஜம். இல்லேங்கல. ஆனா ஸ்க்ரூடிரைவரைக் கீழ வச்சேன். நீ கழட்டிக்கிட்டே சொன்னேன்னு எழுதியிருக்க.”

“வச்சீங்க.”

“அப்புறம் என்ன? பாக்கறவன் என்ன நினைப்பான்? பொண்டாட்டி இப்படி வந்து நிக்கறா, இவன் பாட்டுக்கு இஸ்திரிப் பெட்டியைக் குடையறான்னு நினைக்க மாட்டானா? எத்தனை பேரு அந்தக் காலத்துல உன் இஷ்டம்னு சொல்லியிருப்பான்? பெத்துக்கோன்னு கட்டாயப்படுத்தினேனா? வேணாம்னு கட்டாயப்படுத்தினேனா?”

“ரெண்டும் இல்ல.”

“அதை எழுது.”

அவள் குழாயை மூடினாள். “எழுதினதை வச்சுக்கிட்டுச் சண்டை போடாதீங்க. மேடையில பாருங்க. அப்புறம் பேசலாம்.”

நான் பார்க்கவில்லை. வேண்டுமென்று இல்லை, தொழில் அப்படி. ஏழாவது காட்சியில் அவள் “நாள் தள்ளிப் போயிருக்கு” என்றதும் இரண்டு பக்க விளக்கையும் நான் மெதுவாக மாற்றியாக வேண்டும். “உன் இஷ்டம்” என்றதும் மொத்தமும் அணைந்து எட்டாவது காட்சியின் நீலம் வர வேண்டும். அந்த நேரத்தில் என் கண் பலகையில் இருக்கும், மேடையில் இருக்காது. காதால்தான் வேலை. இரண்டு வசனத்துக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி வரும். மூச்சு வாங்குகிறாள் என்று விட்டுவிட்டேன். பதினேழு ஷோ இப்படியே போயிற்று.

இப்போது மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு இருபது வயது, வெளியூரில் படிக்கிறாள். நாடகம் தொடங்குவதற்கு முன்பே அவள் அம்மா போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மகள் முழுவதையும் கேட்டுக்கொண்டாளாம். பிறகு, “நான் ஒரு தடவை வந்து பாக்கறேன்மா. பாத்துட்டுப் பேசலாம்” என்றாளாம். அன்று சாயங்காலமே எனக்குத் தனியாகப் போன் செய்தாள்.

“அப்பா, அம்மா சொன்னாங்க. நீ அவங்க விருப்பம்னு விட்டுட்டியாமே. என் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொன்னேன். எத்தனை அப்பா அப்படி இருப்பாங்கன்னு சொல்றாங்க. எனக்குப் பெருமையா இருக்குப்பா.”

“சாப்பிட்டியா” என்று கேட்டேன். பெருமையைப் பெருமையாகவே வாங்கி வைத்துக்கொண்டேன். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு நான் எதைக் கொடுத்தாலும் சரி பண்ணிவிடுகிற ஆள். பொம்மை, சைக்கிள், கால்குலேட்டர் என்று எல்லாவற்றையும் அப்பாவிடம்தான் கொண்டு வருவாள். அந்தப் பேரை விட்டுக் கொடுக்க எனக்கு மனசு இல்லை, இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

பதினெட்டாவது ஷோவுக்கு அவள் வருகிறாள் என்று தெரிந்தது. அதற்கு நான்கு நாள் முன்னால் என் மனைவி ஒரு வீடியோவோடு வந்து உட்கார்ந்தாள். முந்தைய ஷோவில் யாரோ எடுத்தது.

“ஏழாவது காட்சி ஏன் இவ்வளவு இருட்டா இருக்கு?”

“இருட்டா? எழுபது போடறேன்.”

“என் கையே தெரியலீங்க.”

வாங்கிப் பார்த்தேன். முகம் மங்கலாகத் தெரிந்தது. தோளுக்குக் கீழே எல்லாம் கறுப்பு. இஸ்திரிப் பெட்டியும் இல்லை, கையும் இல்லை. கேமராக் கோளாறு என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ஆறாவது காட்சி தெளிவாக இருந்தது, எட்டாவதும் தெளிவாக இருந்தது. இருபத்தாறு வருடம் வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு அளவு தெரியாதா? முப்பதுக்கு மேல் ஒரு புள்ளி இல்லை. தாளில் எழுபது என்று என் கையெழுத்தில் இருக்கிறது. என் கை ஒவ்வொரு முறையும் முப்பதில் போய் நின்றிருக்கிறது, என்னைக் கேட்காமலே.

என் தொழிலில் என்னையே ஒருவர் கையும் களவுமாகப் பிடித்தது அதுதான் முதல் முறை. பிடித்தது என் மனைவி. போனை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஷோ அன்று காலையில் அவள் சன்னலோரம் உட்கார்ந்து மேடையில் போடுகிற வெள்ளைக் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மகள் மதியத்துக்கு மேல் வந்து நேராக அரங்குக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். நான் நாலு தடவை அந்த அறைக்குப் போய்விட்டு வந்தேன். ஐந்தாவது தடவை கேட்டேன்.

“இன்னைக்கு ஒரு நாளைக்கு ஏழாவதை எடுத்துடேன். ஆறுலேருந்து எட்டுக்குப் போனா யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியும். ஏழு இல்லாம எட்டுல நான் எப்படி வந்து நிப்பேன்?”

“சரி, எடுக்க வேணாம். லைட்டாவது இப்ப இருக்கற மாதிரியே இருக்கட்டும். கை தெரியலன்னா குடி முழுகிப் போயிடாது. குழந்தை வர்றா. அவளுக்கு என்னைப் பத்தி ஒரு நினைப்பு இருக்கு.”

அவள் ஊசியைக் கோட்டிலேயே குத்தினாள். கோட்டை மடியில் வைத்தாள். என்னை நேராகப் பார்த்தாள்.

“உங்க இஷ்டம். லைட்டு உங்க கையில இருக்கு.”

“இது என்ன பதில்? வேணும்னு சொல்லு, இல்ல வேணாம்னு சொல்லு. திட்டவாவது திட்டு.”

“நல்ல பதில்னுதானே பதினஞ்சு வருஷமா சொல்லிட்டிருக்கீங்க” என்றாள். கோபமே இல்லை குரலில். ஊசியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தைத்தாள்.

கிளம்பி அரங்குக்குப் போய்விட்டேன். மதியம் பன்னிரண்டு மணிக்கே போனேன், ஆறரை மணி ஷோவுக்கு. விளக்குக் கண்ணாடிகளைத் துடைத்தேன். ஒயர்களைச் சுற்றினேன். பலகையில் ஏழாவது காட்சிக்கான நெம்புகோலுக்குப் பக்கத்தில், எழுபது இருக்கிற இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டினேன், கை அதற்குக் கீழே போகாமல் தடுக்க. ஒரு டீ குடித்துவிட்டு வந்து பிய்த்தேன். மறுபடி ஒட்டினேன். அரங்கக் காவலாளி ஏணியருகே வந்து, “என்ன லைட்டு, இன்னைக்கு ரொம்ப வேலையோ” என்றார். ஆமாம் என்றேன்.

அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தது. யார் சொன்னாலும் போதும். கூட்டு என்றால் கூட்டிவிடலாம், குறை என்றால் குறைத்துவிடலாம். பிறகு ஏதாவது ஆனால் சொன்னவர் தலையில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடலாம். அப்படி ஒருவரும் அகப்படவில்லை. வீட்டில் இருக்கிற ஒருத்தியும் நல்ல பிள்ளையாக ஒதுங்கிக்கொண்டாள். அவள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை என் தலையில் கட்டிவிட்டுப் பொத்தான் தைக்கிறாளே என்று வாய்விட்டே சொன்னேன், அந்தக் காலி அரங்கத்தில்.

சொன்ன பிறகு கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இந்தச் சுமை காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும்தான். பதினைந்து வருடத்துக்கு முன்னால் அவள் என்னிடம் சொன்னதிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன நாள் வரை பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் நான் வேலைக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை அவளிடம் பேசவில்லை. பேசாமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தேன்.

ஆறரைக்குக் கூட்டம் ஓரளவு வந்திருந்தது. மகள் மூன்றாவது வரிசையில், நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். திரும்பிக் கூண்டைப் பார்த்துக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். அரங்க விளக்குகளை இறக்கினேன்.

ஒன்று முதல் ஆறு வரை தாளில் இருந்தபடி நடந்தது. ஆறு முடிந்து அவள் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து நின்றாள். அவளாக நின்று, “என்னங்க, நாள் தள்ளிப் போயிருக்கு” என்றாள். “பாத்துட்டேன். உறுதிதான். எனக்கு வேணாம்னு தோணுது. நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள். நானாக ஆனாள்.

நெம்புகோலில் கை இருந்தது. டேப் பக்கம் பார்க்கவில்லை. நூறு வரைக்கும் ஏற்றினேன். கண்ணைப் பலகையிலிருந்து எடுத்தேன்.

மேடையில் நான் இருந்தேன். குனிந்த தலை, மடியில் பெட்டி, வலது கையில் சிவப்புக் கைப்பிடி. திருகிக்கொண்டிருந்த கை நின்றது. மெதுவாக ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தது.

வைத்தாள். நான் சொன்னதை அப்படியே வைத்திருக்கிறாள், முதல் ஷோவிலிருந்து.

பிறகு அவள் தலை நிமிர்ந்தது. வாய் லேசாகத் திறந்தது. லைட்டுக்காரனுக்கு எண்ணாமல் இருக்க முடியாது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதில் வாய் மூடியது. கை போய் ஸ்க்ரூடிரைவரை மறுபடி எடுத்தது. ஒரு திருகாணியின் தலையில் பொருத்தியது. கண் அந்தத் திருகாணியிலேயே இருந்தது.

“உன் இஷ்டம்.”

மூச்சு வாங்குகிறாள் என்று நான் விட்ட இடைவெளி அதுதான். எனக்கு அந்தத் திருகாணி ஞாபகம் வந்தது. அடிப்பக்கத்தில் துருப்பிடித்தது, நழுவிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு நான் கீழே வைத்ததைத்தான் பதினைந்து வருடமாக ஞாபகம் வைத்திருந்தேன். மறுபடி எடுத்ததை மறந்துவிட்டேன். அவள் இரண்டையும் ஞாபகம் வைத்திருந்தாள். எழுத்தில் காட்ட முடியாததால்தான் மேடையில் பார் என்றிருக்கிறாள்.

நீலம் வர வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. அவள் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எத்தனை நொடி என்று எண்ணவில்லை. பிறகு மாற்றினேன். என் தொழிலில் நான் நேரம் தவறவிட்ட லைட்டு மாற்றம் அது ஒன்றுதான்.

ஒன்பதாவது காட்சியில் டியூப் லைட்டை மினுக்கினேன். அரங்கம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசிக் காட்சியில் அவள் முன்னால் வந்து நின்று வழக்கமான வசனத்தைச் சொன்னாள்: “காரணம் கேக்கறவங்களுக்குக் கொடுக்க ஆறு காரணம் வச்சிருக்கேன். வேலை, வயசு, உடம்பு, இன்னும் மூணு. யாரும் கேக்காதப்ப ஒண்ணே ஒண்ணுதான். எனக்கு வேணாம்னு இருந்துச்சு.” அணைத்தேன். கை தட்டினார்கள். அவள் வணங்க, மேடை விளக்கு அவ்வளவையும் ஏற்றினேன்.

கூட்டம் கலைந்து கொஞ்ச நேரத்தில் ஏணி ஆடியது. மகள் மேலே வந்தாள். கூண்டில் இரண்டு பேருக்கு இடம் கிடையாது, வாசலிலேயே ஒண்டிக்கொண்டு நின்றாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. நான் தாளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“அப்பா.”

“ம்.”

“கீழ வச்சியே. அப்ப என்ன சொல்ல வந்த?”

திட்டுவாள் என்று நினைத்திருந்தேன், இல்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவாள் என்று. இதற்குத் தயாராக இல்லை.

“தெரியலடா. பயமா இருந்துச்சு. எனக்கு வேணுமா வேணாமான்னு எனக்கே தெரியல. தெரியலன்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு.”

அவள் என் கையிலிருந்த தாள்களை வாங்கிக் கீழே வைத்தாள். “என்கிட்ட சொல்லி என்னப்பா? அங்க இருக்காங்க, போ.”

பலகையை அணைக்காமல், உறை போடாமல், நான் அதுவரை கூண்டை விட்டு இறங்கியதில்லை. அன்று இறங்கினேன். மேடை விளக்கு அவ்வளவும் எரிந்துகொண்டிருந்தது. என் மனைவி தரையில் உட்கார்ந்து இஸ்திரிப் பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஸ்க்ரூடிரைவரை எடுத்து என்னிடம் நீட்டினாள். வாங்கிச் சட்டைப் பையில் போட்டேன், வெறும் கையோடு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

“அன்னைக்கு எனக்குத் தெரியல” என்றேன். “என்ன வேணும்னு தெரியல. பயந்துட்டேன். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு உன் தலையில கட்டிட்டேன்.”

அவள் பையின் ஜிப்பைப் பாதி இழுத்து நிறுத்தினாள்.

“நீங்க என்ன சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பேன்” என்றாள். “பயமா இருக்குன்னு சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். வேணும்னு அழுதிருந்தாலும் போயிருப்பேன். அதுல மாத்தமில்ல.”

“தெரியும்.”

“ஆனா ரெண்டு பேராப் போயிருப்போம்.”

மகள் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்து, எந்த ஸ்விட்சை முதலில் அணைக்க வேண்டும் என்று கேட்டாள். கொஞ்சம் பொறு, அப்படியே எரியட்டும் என்றேன்.